பின் சீட்டில் ஒரு சொம்பு

மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் மற்ற ஊர்களில் என்ன செய்வார்களோ, எனக்குத் தெரியாது. இன்ஜின் சத்தத்தைக் கேட்பார்கள், டயரைத் தட்டிப் பார்ப்பார்கள், லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்று விசாரிப்பார்கள். எங்கள் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸில் அதெல்லாம் அப்புறம். முதலில் வண்டியை ஆஸ்பத்திரி அக்கா வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

அக்கா வெளியே வருவாள். கையில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிய பித்தளைச் சொம்பு இருக்கும். செருப்பைக் கழற்றித் தோள் பைக்குள் போட்டுக்கொள்வாள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கிற வழக்கமெல்லாம் கிடையாது. சீட்டை இரண்டு தட்டுத் தட்டுவாள். ஏறி ஒருபக்கமாக உட்கார்ந்து, சொம்பை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ம்ம், எட்றா நைனா" என்பாள். ஓட்டுகிறவன் தோளையோ கம்பியையோ தொடமாட்டாள். அங்கிருந்து பாலகாட் வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும். அந்த ரோட்டில் பள்ளங்களுக்கு நடுவே ரோடு இருக்கிறதா, ரோட்டுக்கு நடுவே பள்ளங்கள் இருக்கின்றனவா என்பது அந்தக் காலத்தில் பெரிய விவாதம்.

திரும்பி வந்ததும் இறங்கிச் சொம்புக்குள் எட்டிப் பார்ப்பாள். சுற்றி நிற்கிறவர்களும் எட்டிப் பார்ப்பார்கள். பிறகு தீர்ப்பு. ஒரு வாய்த் தண்ணீர் குறைந்திருந்தால் வாங்கலாம். பாதிச் சொம்பு காலியென்றால் வந்த வழியே கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். முந்தானை நனைந்தால் வண்டி மேல் தப்பு, மடி நனைந்தால் ஓட்டினவன் மேல் தப்பு. இதற்கு மேல் முறையீடு எதுவும் இல்லை.

அக்காவுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. நான்தான் சொல்லமாட்டேன். சொன்னால், இன்னும் எங்கேயாவது இருக்கிற அவள் சொந்தக்காரர்கள் சொம்போடு வந்து என் வண்டியில் ஏறிக்கொள்வார்களோ என்று ஒரு பயம்.

அவள் சுரங்க ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் வேலை பார்த்தாள். அப்போது நாற்பது வயது இருக்கும். சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் எவளுக்காவது வலி எடுத்துவிட்டால், வீட்டு ஆண்கள் மோட்டார் வண்டி வைத்திருக்கிறவரைத் தேடிக் கண்டுபிடித்து, காலில் விழாத குறையாகக் கெஞ்சி, அக்காவை அழைத்துவர அனுப்புவார்கள். இப்படிக் காண்டிராக்டர் வண்டி, போலீஸ் வண்டி, ஷிப்ட் பாஸ் வைத்திருந்த பழைய ராணுவ வண்டி என்று தங்கவயலில் ஓடிய அத்தனை வண்டிகளின் பின் சீட்டிலும் அவள் உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு வண்டிகளில் பயணம் செய்தவர்கள் அந்த ஊரில் வேறு யாரும் கிடையாது. அதனால் அவள் பேச்சுக்கு எதிர்ப்பேச்சும் கிடையாது.

"தண்ணி எதுக்குக்கா?" என்று டிரில்லிங்கில் வேலை செய்த ஒருவர் ஒரு தடவை தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டார்.

"ஒம் பொண்டாட்டிக்கி எத்தினி மாசம்டா இப்ப?"

"அஞ்சுக்கா."

"வலி எடுத்தா எதுல இட்டாருவ? இதுலதான? அப்ப பின்னாடி ஒக்காரப் போறது யாரு, நீயா? நெற மாசக்காரிடா! நீ இன்னாடான்னா முன்னாடி ஒக்காந்துகினு ஆரன் எப்பிடி கீது, லைட் எப்பிடி கீதுன்னு பாத்துகினு கீற. சொம்புத் தண்ணி சிந்துனா அவ தாங்குவாளாடா?"

பக்கத்தில் நின்ற எங்களுக்கும் அப்போதுதான் சொம்பின் அர்த்தம் புரிந்தது. சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கொஞ்சம் நேராக நின்றோம்.

அவள் வீட்டில் மட்டும் வண்டி கிடையாது. அவள் வீட்டுக்காரர் சுரங்கத்தில் டிம்பர் வேலை பார்த்தார். தினமும் கேஜ் என்கிற கம்பிக் கூண்டில் ஏறி, கிணற்றை எத்தனையோ அடுக்கு வைத்தது போன்ற பாதாளத்துக்கு இறங்கிப் போய், மலையே தலைமேல் உட்காராதபடி மரம் முட்டுக் கொடுத்துவிட்டு வருகிற மனிதர். ஆனால் மோட்டார் சைக்கிள் என்றால் அவருக்கு உதறல். "கேஜில கம்பி கீது மே, புட்ச்சிக்கலாம். இதுல இன்னா கீது?" என்பார். ஆஸ்பத்திரிக்கு அக்கா யாராவது ஒருவன் வண்டியில் போவாள், அவர் பின்னாலேயே சைக்கிளில் வியர்த்து விறுவிறுக்க மிதித்துக்கொண்டு வருவார். இரண்டு பேரையும் பார்த்தால் சிரிப்பை அடக்க முடியாது.

பின் சீட்டில் அவள் சும்மா வருகிற ஜாதியும் இல்லை. வழி நெடுகப் பேச்சு. ஊரையே அவள் பிரசவங்களாகத்தான் பார்த்து வைத்திருந்தாள். "தோ, இந்த வூட்ல ரெட்டை. அந்தப் பச்சைக் கதவு வூடு, கால் முன்னால வந்திச்சி, எம்மாம் பேஜார் பண்ணிச்சி தெரியுமா? இப்ப பாரு, கோலி ஆடுது. திரும்பு, திரும்பு, இந்தத் தெருவுல எல்லாம் பொட்டப் புள்ளைங்க." ஓட்டுகிறவனுக்கு ரோட்டைப் பார்ப்பதா, பச்சைக் கதவைப் பார்ப்பதா என்று திண்டாட்டமாகிவிடும். அதுவும் பரீட்சையில் சேர்த்திதான் என்று பின்னால் தெரிந்தது. பச்சைக் கதவைத் திரும்பிப் பார்த்தவர்கள் யாரும் தேறியதில்லை.

வண்டியைப் பார்க்கிற வேலையோடு மாப்பிள்ளை பார்க்கிற வேலையும் அவள் தலையில் வந்து விழுந்த கதை வேடிக்கையானது. அவள் லைனில் இருந்த மேஸ்திரி வீட்டுப் பெண்ணைக் கேட்டுப் பங்காருபேட்டையிலிருந்து ஒரு பையன் புல்லட்டில் வந்து இறங்கினான். நல்ல உயரம், எண்ணெய் தடவி முறுக்கிய மீசை, மண்டியில் பங்கு. எல்லாருக்கும் திருப்தி. மேஸ்திரி விளையாட்டாக, "அக்காவ ஒரு ரவுண்டு இட்டுனு போயிட்டு வா தம்பி" என்றார். அவனும் போய் வந்தான். அக்கா இறங்கினாள், சொம்பைப் பார்க்கக்கூட இல்லை.

"வண்டி நல்லா கீது. புள்ள வாணாம்."

மேஸ்திரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இன்னாக்கா சொல்ற?"

"எங்கெங்க பொம்பளைங்க கொழாயாண்ட தண்ணி புடிக்கிறாங்களோ, அங்கல்லாம் ஆரன் அடிக்கிறான். பள்ளத்தப் பாக்கல. கண்ணாடில மீசையப் பாக்கறான். நா சொல்லிட்டேன், அப்பால ஒன் இஷ்டம்."

மீசைக்காரன் அன்று மாலை ரயிலுக்குக்கூடக் காத்திருக்காமல் போய்விட்டான், அவனிடம்தான் புல்லட் இருந்ததே. அதன் பிறகு பெண்ணைப் பெற்றவர்களுக்கு இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. ஜாதகம் பார்ப்பார்கள், ஜாதகம் பொருந்தினால் அக்காவைப் பின்னால் உட்கார வைப்பார்கள். வண்டி இல்லாத மாப்பிள்ளைகள் இரவல் வண்டியை ஓட்டிக் காட்டினார்கள். ஒருவன் சைக்கிள் கேரியரில்கூட உட்கார வைத்து மிதித்தான், தேறியும் விட்டான்.

இனி என் கதை. சாம்பியன் ரீப்ஸ் பஜாரில் எங்களுக்குப் பாத்திரக் கடை. பாலகாட்டில் அரிசிக் கடை வைத்திருந்தவரின் மகள் ஒரு நாள் தன் அம்மாவோடு குடம் வாங்க வந்தாள். குடத்தின் பளபளப்பையோ விலையையோ அவள் பார்க்கவில்லை. ஒவ்வொன்றையும் தூக்கி, விரல் முட்டியால் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்டாள். கடையில் இருந்த அத்தனை குடத்தையும் தட்டித் தள்ளிவிட்டுக் கடைசிக் குடத்தில், "இது அடியில ஒட்டுப் போட்டதுங்க" என்றாள். திருப்பிப் பார்த்தேன். ஒட்டுத்தான். எனக்கே தெரியாமல் கொள்முதலில் வந்துவிட்டது. அன்றே நான் காலி. அதற்குப் பிறகு யாராவது குடத்தைத் தட்டினால் என் நெஞ்சிலேயே தட்டுகிற மாதிரி இருந்தது. கட்டினால் அவளைத்தான் கட்டுவது என்று அப்பாவிடம் சொல்லச் சொல்லி அம்மாவிடம் சொன்னேன்.

அரிசிக் கடைக்காரர் ஒரு நாள் எங்கள் கடைக்கே வந்து உட்கார்ந்தார். நான் உள்ளே அண்டா அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"ஜாதகம் பொருந்துது. பையன் மோட்டார் வண்டி வாங்கப் போறானாமே?" என்றார் அப்பாவிடம்.

"ஆமா. பங்காருபேட்டை ஸ்டேஷன்ல பார்சல் எடுக்கப் போவ வர ஓணுமே."

"வாங்கட்டும். ஆஸ்பத்திரி அக்கா பின்னாடி ஒக்காந்து பாக்கட்டும். அவங்க சரின்னு ஆள் அனுப்புனா எனக்கும் சரி. இல்லேன்னா மனசுல எதுவும் வெச்சிக்காதீங்க."

கையில் இருந்த அண்டாவைக் கீழே போட்டேன். கடை முழுக்கச் சத்தம்.

சிக்கல் என்னவென்றால், நான் எந்த வண்டி வாங்குவது என்றே முடிவு செய்திருக்கவில்லை. அப்போது ஒரே சமயத்தில் இரண்டு வண்டிகள் விலைக்கு வந்திருந்தன. பங்காருபேட்டை மரக் காண்டிராக்டரின் புல்லட் ஒன்று, மாற்றலாகிப் போகிற பேங்க் அதிகாரியின் ஜாவா ஒன்று. புல்லட் முன்னூற்றைம்பது சி.சி., ஜாவா இருநூற்றைம்பது. இரண்டையும் பற்றி எனக்கு ராத்திரி பகலாக ஒரே யோசனை. காலையில் எழுந்ததும் புல்லட்தான் என்று நினைப்பேன், சாப்பிட்ட பிறகு ஜாவாதான் என்று தோன்றும்.

பஜாரிலும் இதற்கு இரண்டு கட்சிகள் இருந்தன. டீக்கடைப் பக்கம் புல்லட் கட்சி, சலூன் பக்கம் ஜாவா கட்சி. நடு ரோட்டில் நான்.

"மேட்டுல ரெண்டு ஆள், ரெண்டு மூட்டை ஏத்தினாலும் மூச்சு வாங்காதுடா புல்லட்டு. அந்த சத்தத்தக் கேளு, ராஜா நடந்து வர மாரி" என்பார் டீக்கடைக்காரர்.

"ராஜா ஸ்டார்ட் ஆவறதுக்குள்ள எங்க ஜாவா பங்காருபேட்டை போயி ரயிலப் புட்ச்சிடும்" என்று சலூனிலிருந்து பாதிச் சோப்பு முகத்தோடு ஒருவர் கத்துவார்.

"புடிக்கும், புடிக்கும். அது வுடற பொகைல ஸ்டேஷன் மாஸ்டர் கொடி தெரியாம நிப்பாரு!"

"ரெண்டு சைலன்சர்யா! ஒங்களுக்கு ஒண்ணுதான்!"

எனக்கோ இரண்டுமே நியாயமாகப் பட்டது. அப்பாவிடம் கேட்டேன். "எதுல தவலை கட்டினா நசுங்காம வரும்?" என்று திருப்பிக் கேட்டார். கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு வண்டிகளையும் இரவல் வாங்கி அக்கா வீட்டு வாசலில் நிறுத்தி, இரண்டையும் ஓட்டிக் காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். எதில் சொம்பு தளும்பவில்லையோ அது என் வண்டி, அந்தப் பெண் என் மனைவி. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நினைத்தேன். கல் என் தலையில் விழும் என்று நினைக்கவில்லை.

அன்று காலை எங்கள் கடைச் சொம்பையே அக்காவிடம் நீட்டினேன். கனமான சொம்பு, அடி அகலம், வாய் குறுகல், சீக்கிரத்தில் சிந்தாது. அக்கா அதை ஒரு பார்வை பார்த்தாள்.

"கெட்டிக்காரன்டா நீ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் தன் அகல வாய்ச் சொம்பையே எடுத்து வந்தாள்.

முதலில் புல்லட். அதில் எனக்குப் பழக்கம் உண்டு. கம்பவுண்டர் நண்பன் ஒருவனுடைய புல்லட்டில்தான் நான் ஓட்டவே கற்றுக்கொண்டேன். அதில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். பாலகாட் ரோட்டின் ஒவ்வொரு பள்ளத்தையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்குப் பழகி வைத்திருந்தேன். அக்கா பின்னால் ரெட்டை, பச்சைக் கதவு என்று பாடிக்கொண்டே வந்தாள். நான் திரும்பவே இல்லை. அரிசிக் கடைத் தெருவைத் தாண்டும்போது மாடி ஜன்னலில் பாவாடைத் தாவணியின் நிறம் ஒன்று தெரிந்தது. அதையும் பார்க்கவில்லை. சத்தியமாகப் பார்க்கவில்லை, நீலம்.

வாசலுக்கு வந்து இறங்கினோம். அக்கா சொம்பைப் பார்த்தாள். அரை வாய்த் தண்ணீர்கூடக் குறையவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அதே வேகத்தில், "ஏறுங்கக்கா, அடுத்தது" என்று ஜாவாவை உதைத்தேன்.

அந்த இடத்தில்தான் நான் ஒரு நிமிஷம் நின்று யோசித்திருக்க வேண்டும். ஜாவாவில் எல்லாம் தலைகீழ். பிரேக் வலது காலில், கியர் இடது காலில். அதுவும் அந்தக் கியர் குச்சியை அழுத்தினாலே கிளட்ச் தானாக விட்டுக்கொள்ளும், கையால் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. சலூன் கட்சி இதைத்தான் மணிக்கணக்கில் புகழ்வார்கள். நானும் மணிக்கணக்கில் கேட்டிருக்கிறேன். ஓட்டியது ஒரு தடவைதான்.

போகும்போது ஒன்றும் ஆகவில்லை. ஜாவா வழுக்கிக்கொண்டு போனது. "வெண்ண மாரி போவுதுடா" என்றாள் அக்கா. பாலகாட்டில் திரும்பினோம். திரும்பி வரும் இறக்கத்தில், சயனைடு மேட்டுக்குப் பக்கத்தில், நடு ரோட்டில் ஒரு கழுதை நின்றுகொண்டிருந்தது. குறுக்காக, சாவகாசமாக. ஆரன் அடித்தேன். காதை மட்டும் ஆட்டியது.

மூளை பிரேக் என்றது. கால் புல்லட்டில் பழகிய கால். இடது காலால் ஓங்கி மிதித்தேன். அது கியர். மிதித்த காலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தேன், பிரேக் பிடிக்கவில்லையே என்று இன்னும் அழுத்தினேன். கிளட்ச் விட்டுக்கொண்டது. இறக்கம். வண்டி நிற்பதற்குப் பதிலாகக் கட்டவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி போல ஓடியது. இன்ஜின் மட்டும் தனியாகக் கத்தியது. பின்னாலிருந்து அக்கா, "டேய் டேய் டேய் டேய்" என்று ஒரே சுருதியில் சொன்னாள். கழுதையை விட்டு ஹேண்டில்பாரைத் திருப்பினேன். ரோட்டோரம் அந்தச் சயனைடு மேடு, தங்கம் எடுத்துவிட்டுக் கொட்டிய சாம்பல் மணல், மாவு மாதிரி மணல். அதில் வண்டி முட்டிவரை புதைந்து நின்றது, நாங்கள் நிற்கவில்லை.

எழுந்து பார்த்தால் இரண்டு பேரும் விபூதி பூசினது போல் இருந்தோம். அக்கா மணலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள், பிரசவ வார்டில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது போலவே.

"அக்கா, ஒங்களுக்கு ஒண்ணும் ஆவலையே? கை, கால் அசைங்க. எங்க நோவுது?"

"ஒண்ணும் நோவல. ஓரமா நவுரு, மூச்சு வாங்கறேன்."

எனக்கு அப்போதுதான் சொம்பு ஞாபகம் வந்தது. தேடிக் கண்டுபிடித்தேன். ஒரு பக்கம் நசுங்கி, வாய் கோணி, கழுதையின் காலடியில் கிடந்தது. கழுதை அப்போதும் நகர்ந்திருக்கவில்லை. சொம்பைக் கையில் எடுத்ததும் எனக்கு உண்மையிலேயே அழுகை வந்துவிட்டது. போயிற்று. நீலத் தாவணி போயிற்று. அரிசிக் கடைக்காரருக்குச் சாயங்காலத்துக்குள் சேதி போய்விடும், மனசில் எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று வேறு சொல்லியிருக்கிறார்.

திரும்பினால் அக்கா சிரித்துக்கொண்டிருக்கிறாள். சாதாரணச் சிரிப்பு இல்லை. மணலைத் தட்டித் தட்டி, கண்ணில் தண்ணீர் வர, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் யாருக்கும் தொற்றிக்கொள்ளும். தலை போகிற கவலையிலும் நானும் சிரித்தேன். கழுதை எங்களைப் பார்த்துவிட்டு நடையைக் கட்டியது.

"ஏன்டா, பிரேக்கு எந்தக் கால்ல கீது?"

"இதுல வலது காலுக்கா. அதுல இடது."

"ஆளாளுக்கு ஒரு பக்கமா வெப்பானுங்களா?" என்று யோசித்தாள். "இத்தினி வருசமா பின்னாடி ஒக்காந்து ஒக்காந்து முதுகத்தான்டா பாத்துருக்கேன். கால் இன்னா பண்ணுதுன்னு பாத்ததே இல்ல."

வண்டியைத் தோண்டி எடுத்தோம். கண்ணாடி ஒன்று வளைந்திருந்தது, நிமிர்த்திவிட்டேன். தள்ளிக்கொண்டே அவள் லைனுக்குப் பக்கத்து மைதானம் வரை வந்தோம். வழியில் அவள் பச்சைக் கதவைக்கூடக் காட்டவில்லை. தீர்ப்பு என்னவென்று கேட்க எனக்குப் பயம். மைதானத்துக்கு வந்ததும் தாங்க முடியாமல், "அக்கா, அரிசிக் கடைக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"அத்த அப்பால பாக்கலாம். அந்தப் புல்லட்ட இங்க இட்டா."

கொண்டுவந்தேன். கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிக்கர் மேல் காலை வைத்தாள். உதைத்தாள். அது அசையவில்லை. ஏறி நின்றாள். கிக்கர் அவளைத் தாங்கிக்கொண்டு அப்படியே நின்றது. அதற்கென்று ஒரு பக்குவம் உண்டு, மீட்டர் முள்ளைப் பார்த்து, சின்ன லீவரைப் பிடித்து இறக்க வேண்டும். நான் சொல்ல வாயெடுத்தேன். "வலி எடுத்தவ வூட்ல முள்ளப் பாத்துகினு நிப்பாளா?" என்று இறங்கிவிட்டாள்.

அடுத்து ஜாவா. இரண்டாவது உதையில் கிளம்பியது. உதைத்த குச்சியையே மடக்கிப் படுக்க வைத்து, அதுதான் கியர் என்று காட்டினேன்.

அக்கா அசந்துபோனாள். "ஒதைக்கிறதும் இதுவே, கியரும் இதுவே! ஒரே குச்சில ரெண்டு வேலை. இது எவளோ ஒரு பொம்பள செஞ்ச வண்டிடா!"

பிறகு நடந்ததை மைதானத்தில் பந்து விளையாடிக்கொண்டிருந்த அத்தனை பேரும் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் நசுங்கின சொம்பைக் குழாயில் நிரப்பி என் கையில் கொடுத்தாள்.

"ஒக்காரு."

"நானா? பின்னாடியா?"

"ரெண்டு கையாலயும் புடி. என் தோளத் தொட்ட, தெரியும் சேதி."

உட்கார்ந்தேன். வண்டி ஒரு குதி குதித்தது. அவ்வளவுதான், கிளம்பிவிட்டோம். முதல் கியரிலேயே மைதானத்தைச் சுற்றினோம். பந்து ஆடியவர்கள் சிதறி ஓடினார்கள். ஒரு கோல் கம்பத்துக்கும் இன்னொரு கோல் கம்பத்துக்கும் நடுவே புகுந்து வெளியே வந்தோம், கோல் கீப்பர் தாவி விழுந்தார். லைன் வீடுகளிலிருந்து பெண்கள் கரண்டியோடு ஓடி வந்து கைதட்டினார்கள். அக்காவின் வீட்டுக்காரர் ஓரத்தில் நின்று, "ஏ மே! எறங்கு மே! கம்பி கூட இல்லயே மே!" என்று அலறினார். அக்கா என்ன செய்தாள் தெரியுமா? பெண்கள் நின்ற பக்கம் வந்ததும் ஆரன் அடித்தாள்.

அவள் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அது குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தது. நான் அவ்வளவு சந்தோஷமான முதுகை வேறெங்கும் பார்த்ததில்லை. இப்படி ஒரு நாளைக்காகத்தான் அவள் இத்தனை வண்டிகளிலும் ஏறிப் பார்த்தாளோ என்று எனக்குத் தோன்றியது. கேட்டால் அடிப்பாள்.

"நிறுத்தறது எப்பிடிடா?" என்று திரும்பாமலே கத்தினாள்.

"வலது கால்க்கா! வலது!"

சரியாக வலது காலை மிதித்தாள். மிதிக்கிற அளவு மட்டும் தெரியவில்லை. வண்டி மிதித்த இடத்திலேயே நின்றது. சொம்பில் இருந்த அத்தனை தண்ணீரும் எழும்பி என் முகத்தில் விழுந்தது. சட்டை, வேட்டி, பனியன் எல்லாம் தொப்பல்.

அக்கா மெதுவாகத் திரும்பினாள். மூச்சிரைக்க, முகமெல்லாம் சாம்பல் மணலும் சிரிப்புமாக, சின்னப் பெண் மாதிரி கேட்டாள்.

"இன்னாடா, சிந்திச்சா?"

மூக்கு நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரைத் துடைத்தேன். "ஒரு சொட்டு சிந்தலக்கா" என்றேன்.

காலிச் சொம்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு மைதானமே கேட்கும்படி தன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள்.

"யோவ், சைக்கிள எடு. பாலகாட்டு அரிசிக் கடைல போயி, அக்கா சரின்ட்டான்னு சொல்லு. கீழ வுழுந்ததும் வண்டிய கேக்கல, கழுதையத் திட்டல, என்னியத்தான் கேட்டான். இப்ப முழுசா நனஞ்சிட்டு இல்லன்றான் பாரு! இவன் பொண்டாட்டி மனசு நோவாம வெச்சிக்குவான்."

"வண்டிக்கா?" என்றேன், நனைந்த சட்டையோடு.

"ஜாவாவ வாங்கு. நாளைக்கி நீ வூட்ல இல்லன்னா அவளே ஒதைச்சி எத்துக்கினு போவா."

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். சயனைடு மேட்டு வளைவில் அவர் மறைகிற வரைக்கும் நான் மைதானத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜாவா வாங்கினேன். டீக்கடையில் எனக்கு ஒரு மாதம் டீ கொடுக்கவில்லை. கல்யாணம் நடந்தது. நீலத் தாவணிக்காரி முதல் வேலையாக வண்டியின் டேங்கை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். ஒட்டு இல்லை.

தலைப் பிரசவத்துக்கு அவள் அம்மா வீட்டில் இருந்தாள். ஒரு நாள் பகலில் ஆள் ஓடி வந்தது. ஜாவாவில் பாலகாட் போய், அவளைப் பின்னால் உட்கார வைத்து, அந்தப் பாழாய்ப்போன ரோட்டில் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். எனக்குத் தெரிந்த பள்ளங்கள் அத்தனையும் அன்றைக்குப் பார்த்து எனக்கு மறந்துபோயின. ஒவ்வொன்றிலும் இறக்கி ஏற்றினேன். பின்னால் அவள் சத்தமே இல்லை, அது இன்னும் பயமாக இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் வலது காலால், சரியான காலால், பிரேக் பிடித்து நிறுத்தினேன்.

படியில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். ஓடிவந்து அவளைக் கைத்தாங்கலாக இறக்கினாள். என்னைப் பார்த்து, "இன்னாடா, சிந்திச்சா?" என்றாள்.

நான் வாய் திறப்பதற்குள் என் மனைவி இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து ஒரு வலியை விழுங்கிவிட்டு, "ஒரு சொட்டு சிந்தலக்கா" என்று சொல்லிக்கொண்டே படியேறினாள்.